மேனேஜர் என்று பேனரில் போட்டுவிட்டீர்கள்

மலேசியா, சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் நான் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் முன்னாள் மாணவர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் தொழில் வழிகாட்டி நாளுக்கு என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னீர்கள். மாலை போட்டு, கேசரி கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினீர்கள். நன்றி. ஆனால் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் என் பெயருக்குக் கீழே 'புரொடக்‌ஷன் மேனேஜர்' என்று இருந்தது. நான் புரோடக்ட் மேனேஜர். இரண்டும் வேறு வேறு வேலை. மேடையை விட்டு இறங்கியதும் ஒரு பெரியவர் "எந்த ஃபேக்டரிம்மா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை.

எழுத்துப்பிழையோடு போயிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். அறிமுகம் செய்தவர், "நம்ம தோட்டத்துப் பிள்ளை இன்றைக்குத் துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்" என்றார். கைத்தட்டல் ஓய நேரமாயிற்று. எனக்குக் கொடுத்ததோ பத்து நிமிடம். மறுத்துச் சொல்ல மனம் வராமல் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது.

நம் ஊரில் மேனேஜர் என்றால் துரை. மேட்டுப் பங்களா, வாசலில் ஜீப், காம்பவுண்டுக்குள் நாய். துரை சொல்வார், கணக்குப் பார்க்கிற கிராணி எழுதுவார், ஆட்களை மேய்க்கிற மண்டோர் சத்தம் போடுவார், வேலை நடக்கும். எனக்கு இந்த வேலை கிடைத்த அன்று அம்மா கேட்டது ஒரே கேள்வி: "உனக்குக் கீழ எத்தன பேரு?"

"யாரும் இல்லம்மா."

"அப்புறம் என்ன மேனேஜரு?"

பத்து வருடமாகிறது. இந்த வேலையைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கோலாலம்பூரில் என் கம்பெனி செயலிகள் செய்து விற்கிறது. நிரல் எழுதுகிறவர்களுக்குத் தனித் தலைவர், திரையை வடிவமைக்கிறவர்களுக்குத் தனித் தலைவர், விற்பனைக்குத் தனித் தலைவர். ஒருவரும் எனக்குக் கீழே இல்லை. ஆனால் எதைச் செய்வது, எதை விடுவது, எது முதலில் என்று முடிவாக வேண்டியது என்னிடம். சரக்கு ஊத்திக்கொண்டால் முதல் போனும் எனக்குத்தான் வரும். யாரையும் அதட்டி வேலை வாங்க முடியாது. காரணம் சொல்லிச் சம்மதிக்க வைக்க வேண்டும். தோட்டக் கணக்கில் சொன்னால், யாருக்கும் ஆப்சென்ட் போட முடியாத மண்டோர்.

காலை ஒன்பதரைக்கு எங்களுக்கும் பெரட்டு உண்டு. பதினைந்து நிமிடம். தோட்டத்துப் பெரட்டில் மண்டோர் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். இங்கே அவரவரே நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப் போகிறோம் என்று சொல்வார்கள். என் வேலை, சொல்லாமல் விட்டதைக் கேட்பது. ஒருவர் மூன்று நாளாக "அதேதான், இன்னும் கொஞ்சம்" என்கிறார் என்றால் எங்கேயோ மாட்டிக்கொண்டு வெட்கத்தில் மறைக்கிறார் என்று அர்த்தம். அப்புறம் வாடிக்கையாளர்களோடு போன், விற்பனைக்காரர்களோடு சண்டை, மதியத்துக்கு மேல் எழுத்து. எழுத்து என்றால் நிரல் இல்லை. யாருக்கு என்ன கஷ்டம், நாம் எதைச் செய்தால் அது தீரும், தீர்ந்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று, படிக்கிறவருக்கு ஒரே அர்த்தம் வருகிற மாதிரி எழுதுவது. ஆறாம் ஆண்டில் எங்கள் கட்டுரை நோட்டைச் சிவப்பு மையால் நிரப்பிய ஆசிரியைக்கு இதைச் சொன்னால் சந்தோஷப்படுவார்.

இந்த வேலை கம்ப்யூட்டரோடு பிறந்ததும் இல்லை. சோப்பிலிருந்து வந்தது. 1931-இல் அமெரிக்காவின் புரோக்டர் அண்டு கேம்பிள் கம்பெனியில் கேமே சோப்பு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நீல் மெக்எல்ராய். அதே கம்பெனியின் ஐவரி சோப்பு நிழலில் கேமே மங்கிக் கிடந்தது. ஒவ்வொரு சரக்கையும் அதை மட்டுமே கவனிக்கிற ஆட்களிடம் விடுங்கள் என்று மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு எழுதினார். பிறகு அவர் அந்தக் கம்பெனிக்கே தலைவராகி, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் ஆனார். நான் இன்னும் சோப்பு நிலையில்தான் இருக்கிறேன்.

சரி, மேடையில் சொல்லாமல் விட்ட கதைக்கு வருகிறேன்.

சில வருடத்துக்கு முன் பாமாயில் தருகிற செம்பனைத் தோட்ட நிறுவனம் ஒன்றுக்காகக் குலைக் கணக்குச் செயலி செய்தோம். வெட்டிய குலை ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். எந்தக் காட்டில் எத்தனை குலை கிடக்கிறது என்று மதியத்துக்குள் தெரிந்தால்தான் லாரியைச் சரியாக அனுப்பலாம். அதற்குத்தான் செயலி. மூன்று மாதம் கழித்து எங்கள் திரையில் எல்லாம் பச்சை. எல்லா மண்டோரும் பயன்படுத்துகிறார்கள், ஒருநாள் விடாமல் பதிகிறார்கள். மேலிடத்தில் பாராட்டு.

எனக்கு ஒன்று மட்டும் இடித்தது. பதிவுகள் எல்லாமே மாலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில் இருந்தன. காட்டில் லைன் கிடைக்காது, வீட்டுக்கு வந்ததும் தானாக ஏறுகிறது என்று ஆபீசில் சொன்னார்கள். நம்பவும் செய்தேன். ஆனாலும் ஒருநாள் விடியற்காலை காரை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

போய்ப் பார்த்தால், குலைகளைச் சாலையோரம் அடுக்கியிருக்கிறார்கள். வெட்டிய காம்பில் வெட்டியவரின் எண். மண்டோர் ஐயாவுக்கு அறுபது வயதிருக்கும். கையுறை முழுக்க எண்ணெயும் மண்ணும். கைப்பேசியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. சட்டைப் பையில் ரப்பர் பேண்ட் போட்ட குட்டி நோட்டு, காதில் பென்சில். எண்ணினார், எழுதினார், அடுத்த அடுக்குக்கு நடந்தார். செயலியைத் திறந்து காட்டச் சொன்னேன். கையுறையைக் கழற்றி, விரலைப் பேண்டில் துடைத்து, வெயிலுக்கு முதுகைக் காட்டி, தொப்பியால் திரைக்கு நிழல் கொடுத்து, ஒரு அடுக்குக்கு ஆறு கட்டம் நிரப்பினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: இரண்டு நிமிடம். அன்றைக்கு அவருக்கு எண்பது அடுக்குக்கு மேல்.

"அதான்மா, ராத்திரி வீட்ல மக உக்காந்து போட்டுக் குடுத்துரும்" என்றார்.

அந்தப் பச்சையெல்லாம் பதினாலு வயதுப் பிள்ளை வீட்டுப்பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்த பச்சை. லாரிக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை.

திரும்பி வந்து, ஆறு கட்டத்தை இரண்டாக்க வேண்டும் என்றேன்: வெட்டியவரின் எண், குலைகளின் எண்ணிக்கை. பெரிய பொத்தான். லைன் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும். ஆனால் மேலிடத்துக்கு வேறு ஆசை இருந்தது: ஒவ்வொரு குலையையும் படம் எடுக்க வேண்டும், பழுத்ததா இல்லையா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். வாங்குகிறவர்களிடம் அதைக் காட்டினால் அசந்துபோவார்கள். அதற்காக இரண்டு மாதம் வேலையும் செய்தாகிவிட்டது. அதை நிறுத்துங்கள் என்று, என்னைவிட மூன்று படி மேலே இருக்கிறவரிடம் சொல்ல வேண்டும். அதிகாரம் கிடையாது. என்னிடம் இருந்தது மண்டோர் ஐயா தொப்பியால் நிழல் கொடுக்கிற ஒரு படம், இரண்டு நிமிடம் என்கிற கணக்கு, ஏழு மணிப் பதிவுகளின் பட்டியல். மூன்று கூட்டம் ஆயிற்று. நிறுத்தினார்கள். இரண்டு மாத உழைப்பு குப்பைக்குப் போன நிரலாளர் ஒருவர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேனரில் போட வேண்டியது இந்த ஒரு வாரத்தைத்தான்.

அந்த ஐயா கிளம்பும்போது ஒன்று கேட்டார். "இது நல்லா ஓடுனா, என்னோட வேலைக்கு ஆளு வேணாம்னு சொல்லிருவாங்களாம்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

அம்மாவின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் நடந்தது. பேர் தென்னமரம், நட்டது செம்பனை. அதற்குப் பிறகு பல வருடம் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தப் பொடி தூவினார்கள். கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்கு அந்த வேலைதான். எப்படி வேகமாகத் தூவலாம், எப்படிச் செலவைக் குறைக்கலாம் என்றுதான் எல்லோரும் யோசித்தார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் வேலை பார்த்துவிட்டு வந்த லெஸ்லி டேவிட்சன் என்பவர் வேறு மாதிரி கேட்டார்: அங்கே யாரும் தூவுவதில்லையே, எப்படிக் காய் பிடிக்கிறது? ரஹ்மான் சையது என்ற பூச்சி ஆராய்ச்சியாளர் போய்ப் பார்த்தார். பூவில் மொய்க்கிற ஒரு சின்னக் கூன்வண்டுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று காட்டினார். 1981-இல் ஜோகூரில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வண்டை விட்டார்கள். சீக்கிரமே கையால் தூவுகிற வேலை இல்லாமல் போயிற்று.

எங்கள் தொழிலில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆனால் அம்மாவிடம் சொன்னபோது, "அந்த வண்டாலதான் நான் கித்தா வெட்டப் போனேன்" என்றார். மூன்றரை மணிக்கு எழுந்து, கொசுவில் நின்று, இருபது வருடம் ரப்பர் மரம் சீவினார். ஆராய்ச்சி அறிக்கையில் அந்த வரி இருக்காது. செயலி ஒன்றை வெளியிடுகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அது நினைவுக்கு வருகிறது, வந்தும் வெளியிடுகிறேன்.

இனி உங்களிடம் கேட்க வந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் மூன்று பெற்றோர் என்னிடம் கேட்டது "இதுக்கு என்ன கோர்ஸ் எடுக்கணும்?" என்றுதான். இந்த வேலைக்கென்று ஒரே வாசல் கிடையாது. நிரலாளராக இருந்து வருகிறவர்கள் உண்டு, வடிவமைப்பிலிருந்து வருகிறவர்கள் உண்டு. நான் வாடிக்கையாளர் சேவையில் நான்கு வருடம் போனில் திட்டு வாங்கிவிட்டு வந்தவள். திட்டுகிறவர் உண்மையில் எதற்குத் திட்டுகிறார் என்று கேட்கப் பழகியது அங்கேதான். ஆயிரக்கணக்கில் வெள்ளி வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் புரோடக்ட் மேனேஜர் ஆக்குகிறோம் என்று விளம்பரம் வருகிறது. பிள்ளையின் கல்விச் சேமிப்பை அதில் போடுவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். என் எண் செயலாளர் அக்காவிடம் இருக்கிறது.

அடுத்த வருடம் மேடையும் மாலையும் வேண்டாம். ஓர் ஓய்வு நேரம் கொடுங்கள், இருபது நிமிடம். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பத்துப் பேர், ஆளுக்கு ஒரு நோட்டு. சிற்றுண்டிச்சாலையில் ஓரமாக நின்று பார்க்கட்டும். வரிசை எந்த இடத்தில் நிற்கிறது? பரிமாறுகிறவர் கை எந்தத் தட்டில் மெதுவாகிறது? யார் வாங்காமலே திரும்பிப் போகிறார்கள், காசு இல்லாமலா, மணி அடித்துவிடும் என்ற பயத்திலா? பிறகு போய்க் கேட்கட்டும். ஒரே ஒரு மாற்றம் யோசித்துச் சொல்லட்டும். சிற்றுண்டிச்சாலை அக்கா "அதெல்லாம் முடியாது" என்று சொன்னால், ஏன் முடியாது என்று கேட்டு அதையும் எழுதட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அந்த அக்காவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பத்துப் பேர் நோட்டோடு எதிரே நின்றால் சுகாதாரத் துறை வந்துவிட்டது என்று கடையைச் சாத்திவிடப் போகிறார்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி