கன்றுக்குட்டி எங்கே போச்சு?

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் நாலாம் வகுப்பில் மனுநீதிச் சோழன் கதையை வாசித்து முடித்ததும், புத்தகத்தை மூடிவிட்டுச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து திருவாரூர், ராஜா, வாசலில் பெரிய மணி, மாடு வந்து மணி அடித்தது, ராஜா தன் மகனையே தேர்க்காலில் இட்டார் என்று கடகடவென்று சொன்னான். எல்லாம் சரி, கன்றுக்குட்டியை மட்டும் காணோம். "மாடு எதுக்குடா மணி அடிச்சது?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பசிச்சிருக்கும் சார்" என்றான்.

ஒரு எழுத்துகூடப் பிசகாமல் வாசித்த பையன் அவன்.

மணி எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிடலாம், ஆனால் தேரில் அடிபட்டுக் கன்று செத்ததை விட்டால் மாடு வந்ததற்கும் காரணமில்லை, ராஜா செய்ததற்கும் காரணமில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பிள்ளை தானே முடிவு செய்ய வேண்டுமானால் கதை உள்ளே இறங்கியிருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த வருஷம் சுருக்கிச் சொல்லப் பழக்குகிறோம். அமெரிக்காவில் 2000-இல் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையும், வாசித்ததைப் புரிந்துகொள்ள உதவும் வழிகளில் இதைச் சேர்த்திருக்கிறது. ஆரம்பத்தில் புத்தக வரிகளையே சொல்லி, நடுவில் சிலதை விட்டுவிடுவார்கள். திட்டாதீர்கள், எல்லாப் பிள்ளைகளும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

வீட்டில் வெங்காயம் உரிக்கும்போது கேட்டாலே போதும். யாருக்கு என்ன வேணும், எது குறுக்கே வந்தது, அப்புறம் என்ன பண்ணாங்க, கடைசியில் என்ன ஆச்சு? திணறினால் நீங்களே சொல்லிவிடாமல் "ஏன்?", "அதனால?" என்று மட்டும் கேளுங்கள். பாட்டி இருந்தால் பாட்டியிடம் சொல்லட்டும், கதை தெரியாத ஆளிடம் சொல்லும்போதுதான் விட்டுப்போனது வெளியே தெரியும்.

இன்னொன்று. நம் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், விளையாட்டில் மலையாளம், அதனால் கன்றுக்குட்டிக்குப் பதில் பசுக்கிடாவு என்று வரத்தான் செய்யும். வரட்டும், அந்த இடத்தில் நிறுத்தித் திருத்தினால் கதை அறுந்துபோகும், சொல்லை நாங்கள் வகுப்பில் பார்த்துக்கொள்கிறோம்.

வெள்ளிக்கிழமைதோறும் லைப்ரரி புத்தகம் ஒன்று பையில் வரும். திங்கட்கிழமை நோட்டில் நாலு வரி இருக்க வேண்டும், பிழையோடு இருந்தாலும் பிள்ளையே எழுதியதாக இருக்கட்டும். நீங்கள் எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு எது பிடிபடவில்லை என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்