ஆடித் தள்ளுபடியில் லேசர்: முகத்தைக் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நேற்று காலை உங்கள் நாளிதழுக்குள் மடித்து வைத்து வழவழப்பான ஒரு நோட்டீஸ் வந்தது. தீபாவளிச் சலுகையாம். பருத் தழும்பு, மங்கு, மரு, பூனைமுடி, பச்சை குத்தியது என எல்லாவற்றுக்கும் லேசர், பாதி விலை, ஒரே சிட்டிங்கில் முகம் பளிச்சென்று ஆகிவிடும் என்று போட்டிருந்தார்கள். இதே மாதிரி ஒரு நோட்டீஸ் ஆடி மாதமும் வந்தது. அதை நம்பிப் போய்த்தான் என் தங்கை மகள் ஆவணியில் நடந்த தன் கல்யாணத்துக்குக் கன்னமெல்லாம் கறுத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அவளுக்கு 24 வயது, மாநிறம். பரு வந்து போன பள்ளங்கள் இரண்டு கன்னத்திலும் இருந்தன. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பதால் அந்த மாதம் தள்ளுபடி போடுகிறார்கள், ஆவணிக் கல்யாணப் பெண்கள் எல்லாரும் அங்கே போய் நிற்கிறார்கள். வாசலில் ஸ்கின் கிளினிக் என்று போர்டு, உள்ளே போனால் அழகு நிலையம். மருத்துவர் யாரும் வந்து பார்க்கவில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் மரத்துப்போகும் கிரீம் தடவி, கண் மேல் ஈரப் பஞ்சை வைத்து, இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார். முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, காதோரம் சின்ன இடத்தில் போட்டுப் பார்த்து சில வாரம் பொறுக்கலாம் என்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு ஈரப் பஞ்சு போதவே போதாது, அதற்கென்று உள்ள மூடியோ கண்ணாடியோ போட்டே ஆக வேண்டும், லேசர் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூன்றாம் நாள் பொருக்குத் தட்டியது. இரண்டாவது வாரம் பொருக்கு உதிர்ந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாகக் கறுத்து நின்றது, கருவியின் முனை பட்ட அச்சு அப்படியே தெரிந்தது.

அப்புறம் ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனோம். நான் மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மருந்துக் கடையில் 19 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். அதனால் அவர் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதன் பிறகு தேடிப் படித்தும் பார்த்தேன். நம்மில் பலர் லேசர் என்றால் ஒரே கருவி, அதை எதற்கு வேண்டுமானாலும் காட்டலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒவ்வொரு லேசருக்கும் ஒரு அலைநீளம் உண்டு, அந்த ஒளியைத் தோலில் எது உறிஞ்சுகிறதோ அதுதான் சூடாகும். சுற்றியிருக்கும் சதையை விட்டுவிட்டு வேண்டியதை மட்டும் சூடாக்கலாம் என்ற இந்தக் கணக்கை 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். முடி எடுக்கவும் கரும்புள்ளிக்கும் போடும் லேசர்கள் மெலனின் என்ற நிறமியைத் தேடிப் போகின்றன. சிவப்புப் பிறவித் தழும்புக்கு 595 நானோமீட்டர் சாய லேசர், அது ரத்தத்தைத் தேடும். தழும்புப் பள்ளத்துக்குப் போடும் கரியமில வாயு லேசர் 10,600 நானோமீட்டர், அது தோலில் இருக்கும் தண்ணீரைத் தேடும். இதை 1964-இல் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தில் பாராமதியில் பிறந்த குமார் படேல் என்று படித்தபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

தங்கை மகளுக்குப் போட்டதும் இந்தக் கரியமில வாயு லேசர்தான். 2004-க்குப் பிறகு வந்த முறையில் முகம் முழுவதையும் சுடாமல், இடியாப்ப அச்சில் இருக்கிற மாதிரி பொடிப்பொடி ஓட்டைகளாகப் போடுகிறார்கள், இடையில் விட்ட நல்ல தோல் சீக்கிரம் ஆற்றிவிடும். நல்ல முறைதான். அவளுக்கு அளவுக்கு மீறிச் சக்தியை வைத்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டியிருக்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார். நம் மாதிரி மாநிறத்திலும் கறுப்பிலும் இருப்பவர்களுக்குத் தோல் புண்ணானாலே அந்த இடம் கறுக்கும், கொசு கடித்த இடம்கூட மாதக்கணக்கில் கறுப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் நமக்குச் சக்தியைக் குறைத்து, நாள் இடைவெளி விட்டு, பல தடவையாகச் செய்ய வேண்டும். முடி எடுக்கப் போனாலும் இதே கவலைதான். மேல்தோலில் இருக்கும் மெலனினே ஒளியை வாங்கிக்கொண்டு சுட்டுவிடும், ஆகவே கறுத்த தோலுக்கு ஆழமாக இறங்கும் 1064 நானோமீட்டர் லேசர்தான் பாதுகாப்பு. சில பார்லர்களில் லேசர் என்று சொல்லிப் போடும் ஐ.பி.எல். என்பது லேசரே கிடையாது, அது பல அலைநீளம் கலந்த பளிச்சொளி, கறுத்த தோலில் சுட்டுப் புண்ணாக்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த ‘ஒரே சிட்டிங்’ என்ற பேச்சுத்தான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. லேசர் போட்ட பிறகு உள்ளே கொலாஜன் என்ற, தோலைத் தாங்கும் புரதம் புதிதாக ஊறி பள்ளம் மேலே வர மூன்று மாதம், ஆறு மாதம் ஆகும். ஆடியில் போட்டு ஆவணியில் பலன் என்பது நடக்கவே நடக்காது. அதுவும் பருப் பள்ளம் எல்லாம் ஒரே ரகமில்லை. ஊசி குத்தின மாதிரி குறுகி ஆழமாகப் போனவற்றுக்கு அமிலத்தைத் துளியாக வைக்கிறார்கள், உள்ளே நார் கீழே இழுத்துப் பிடித்திருக்கும் பள்ளத்துக்கு அடியில் ஊசி விட்டு அந்த நாரை அறுத்து விடுகிறார்கள், மிச்சத்துக்குத்தான் லேசர். இதெல்லாம் பார்த்துப் பிரிக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

கடையில் நான் தினமும் பார்க்கும் இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். வெள்ளையாக்கும் கிரீம் என்று பெயர் சொல்லிக் கேட்டு வருகிறார்கள், பெரும்பாலும் பெண்கள், இப்போது காலேஜ் பையன்களும். அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு களிம்பு விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு ஆணை போட்டது, ஆனாலும் நான் இல்லை என்று சொன்னால் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் சிவப்புக் கோடாகத் தெரிய ஆரம்பிக்கும், வெயிலில் போனாலே எரியும். நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பும், அதைப் போக்க லேசருக்கு ஓடுகிறார்கள். மங்குக்கு முதலில் வேண்டியது சன்ஸ்கிரீனும் மருத்துவர் எழுதித் தரும் களிம்பும்தான். லேசர் கடைசியில்தான், அதுவும் போட்டபின் மங்கு திரும்ப வரலாம். மெலிந்த தோலில் லேசரைக் காட்டினால் என்ன ஆகும் என்று என் தங்கை மகளைக் கேளுங்கள். அவளும் அந்தக் கிரீமை எட்டு மாதம் பூசியிருக்கிறாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெரியம்மா திட்டுவேன் என்று பயந்து என்னிடம் மறைத்துவிட்டாள், அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

லேசரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கழுத்து மருவை நல்ல மருத்துவர் கையால் எடுத்தால் ஒரு வாரத்தில் ஆறிவிடும். கண்ணைச் சுற்றி நீலம் பாய்ந்த மாதிரி பிறவியிலோ வளர்ந்த பிறகோ வரும் படலத்துக்கு, வேறு எந்தக் களிம்பும் தொட முடியாத இடத்தில், லேசர் நல்ல பலன் தருகிறது. சைலன்சரில் சுட்ட தழும்பு, அடுப்படியில் எண்ணெய் தெறித்த தழும்பு எல்லாம் முற்றிலும் மறையாவிட்டாலும் இளகித் தட்டையாகும். மேடு தட்டி வளர்ந்துகொண்டே போகும் கீலாய்டு தழும்பு மட்டும் வேறு கதை, அதற்கு ஊசியோடு சேர்த்துத்தான் வைத்தியம். மச்சத்தை மட்டும் தயவுசெய்து பார்லரில் சுடாதீர்கள். அளவோ நிறமோ மாறிய மச்சத்தை எரித்துவிட்டால் புற்றுநோயா என்று பரிசோதனைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

சித்திரைத் திருவிழா வெயிலில் அழகரைப் பார்க்க வைகைக் கரையில் நிற்கப் போகிறவர்கள் அதற்கு முந்தின வாரம் லேசர் போட்டுக்கொள்ளக் கூடாது. நலுங்கு வைக்கிறோம் என்று ஆறாத தோலில் மஞ்சளும் எலுமிச்சையும் தேய்க்கவும் கூடாது. இதை அந்த அழகு நிலையத்தில் யாரும் சொல்லவில்லை, மருத்துவர்தான் சொன்னார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் பதிவு செய்தே நடக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. லேசர் விளம்பரத்துக்கு இடம் கொடுக்கும்போது அந்தப் பதிவு எண்ணையும், சிகிச்சை செய்யும் மருத்துவரின் பெயர், தோல் மருத்துவப் படிப்பு, மெடிக்கல் கவுன்சில் எண்ணையும் போடச் சொல்லுங்கள். ஏஜெண்டுகள் மடித்துச் செருகும் நோட்டீசுக்கும் இதையே சொல்லிவிடுங்கள். வாசகர்களும் பணம் கட்டும் முன் வாய்விட்டுக் கேளுங்கள்: எந்த லேசர், என் நிறத்துக்கு ஏற்றதா, கருவியைப் பிடிக்கப் போவது யார், சின்ன இடத்தில் போட்டுப் பார்ப்பீர்களா. காசில்லை என்று யாரும் தயங்க வேண்டாம், கோரிப்பாளையத்தில் அரசின் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே தோல் பிரிவில் சீட்டுப் போட்டுக் காட்டக் காசு கிடையாது.

தங்கை மகள் இப்போது காலையிலும் மதியமும் சன்ஸ்கிரீன் பூசுகிறாள், இரவில் மருத்துவர் கொடுத்த களிம்பு. கறுப்பு கொஞ்சம் வெளுத்திருக்கிறது. முழுதாகப் போக இன்னும் மாதங்கள் ஆகும் என்றார். கல்யாண ஆல்பத்தை அவள் இன்னும் வாங்கி வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திருநகர், மதுரை.