கையேட்டைப் புரட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அவன் காருக்கு 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறைதான் எஞ்சின் ஆயில் மாற்றமாம். மதுரையில் என் காரின் கையேடு 10,000 கிலோமீட்டர் அல்லது 1 ஆண்டு என்கிறது. நான் போகும் பட்டறையோ 5,000 என்று கண்ணாடியில் ஸ்டிக்கரே ஒட்டிவிட்டது. அமெரிக்காவின் பழைய 3,000 மைல் கணக்கும் ஏறக்குறைய இதுதான்!

அங்கே நீண்ட ஆயுள் சிந்தெடிக் (செயற்கை) ஆயில். ஆட்டோபான் என்கிற அதிவேக நெடுஞ்சாலையில் ஒரே சீரான ஓட்டம். இங்கே சிம்மக்கல்லில் இருந்து கோரிப்பாளையம் போவதற்குள் எஞ்சின் சரியாகச் சூடாவதுகூட இல்லை. சின்னச் சின்னப் பயணங்களில் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கிவிடும். அப்புறம் புழுதி, சிக்னலில் நிற்பது வேறு. இப்படி ஓட்டினால் முன்கூட்டியே மாற்றச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

நான் ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. ஆனாலும் தை மாதம் பிறந்தால் ஆயிலை மாற்றிவிடுவேன். பட்டறைக்காரர்கள் ஸ்டிக்கரில் கிலோமீட்டரோடு தேதியையும், ஊற்றிய ஆயிலின் தரத்தையும் எழுதினால் என்ன?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை