காலில் கட்டிய சீட்டு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் வலி குறைந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசானது. மருந்தை நடுவில் நிறுத்திவிடாதே.

நம் பழைய கல்லூரியில் மியூசியம் அறையை ஒழுங்குபடுத்தக் கூப்பிட்டிருந்தார்கள். அதில்தான் பதில் தள்ளிப்போயிற்று. அதே அலமாரிகள், கதவைத் திறந்ததும் ஃபார்மலினும் அந்துருண்டையும் கலந்த அதே வாசனை. ஒரு தட்டு நிறையப் பாடம் செய்த பறவைகள் மல்லாந்து கிடந்தன, கண் இருந்த இடத்தில் பஞ்சு. ஒரு மீன்கொத்தியின் காலில் நூல் மட்டும் இருந்தது, சீட்டைக் காணோம். எந்த ஊரில், எந்த வருஷம் கிடைத்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று ராத்திரி முழுக்கப் பறவையியலாளர் ஜான் கூல்ட் ஞாபகம்தான். பீகிள் கப்பல் பயணம் முடிந்து வந்த டார்வின், 1837 ஜனவரி 4-ஆம் தேதி லண்டன் விலங்கியல் சங்கத்திடம் 80 பாலூட்டிகளையும் 450 பறவைகளையும் ஒப்படைத்தார். ஆறே நாள். 10-ஆம் தேதி கூட்டத்தில் கூல்ட், பசிபிக் கடலின் கலாபகோஸ் தீவுகளில் கிடைத்த குருவிகளைப் பற்றிப் பேசினார். டார்வினோ அவற்றில் சிலவற்றை ஃபிஞ்ச் என்ற சிறு குருவி என்றும் சிலவற்றைக் கரும்பறவை என்றும் நினைத்திருந்தார். அலகுகள் அவ்வளவு வேறுபட்டவை. கூல்ட் அலகைப் பார்த்து ஏமாறவில்லை. எல்லாம் ஒரே குழு, 12 இனங்கள், அதுவரை யாரும் அறியாதவை என்றார். பட்டம் வாங்காதவர், தோட்டக்காரரின் மகன், அந்தச் சங்கத்தில் பறவைகளைப் பாடம் செய்தவர். பெயர் மட்டும் 'டார்வின் குருவிகள்' என்று நிலைத்துவிட்டது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

அதே வருஷம் மார்ச்சில் சங்கக் கூட்டத்துக்கு வந்த ரியாவின் கதை உனக்குப் பிடிக்கும். நெருப்புக்கோழி மாதிரிப் பறக்காத பெரிய பறவை அது. தென் அமெரிக்காவின் படகோனியாவில் அதைச் சுட்டுச் சமைத்துச் சாப்பிட்ட பிறகுதான், தான் தேடிய சின்ன ரியா அதுதான் என்று டார்வினுக்கு உறைத்தது. தலை, கழுத்து, கால், இறக்கை, பெரிய இறகுகள் பல, தோலில் பெரும்பகுதி, இவ்வளவுதான் மிச்சம். அதை வைத்தே கூல்ட் தனி இனம் என்றார்.

அப்புறம் மாக்கிங்பேர்ட் என்ற இன்னொரு கலாபகோஸ் பறவை. அதை டார்வின் தீவு வாரியாகக் குறித்து வைத்திருந்ததால், மூன்று தனி இனங்கள் என்று கூல்டால் சொல்ல முடிந்தது. குருவிகளுக்கோ டார்வின் தீவின் பெயரை எழுதவே இல்லை! கடைசியில் கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராயும் உதவியாளர் சிம்ஸ் கவிங்டனும் தனியாகச் சேர்த்த பறவைகளைப் பார்த்துத்தான் எது எந்தத் தீவு என்று தேட வேண்டியிருந்தது. இருபது வயதை ஒட்டிய பையன் கவிங்டன் ஒழுங்காக எழுதிக் கட்டிய சீட்டு அங்கே கைகொடுத்தது, ராமு.

கீழ்த்தட்டில் நாம் மண்டபம் கடற்கரையில் பொறுக்கிய சங்குகளும் இருக்கின்றன. உன் கையெழுத்தில் 'மண்டபம்' மட்டும் தெரிகிறது, தேதி மங்கிவிட்டது. உன் பழைய நோட்டைக் கொஞ்சம் தேடிப் பாரேன். தேதி கிடைத்தால் உடனே எழுது, இந்தத் தடவை பென்சிலால் எழுதி வைக்கிறேன்.

அன்புடன்,
சுந்தரம்