மூன்று மணி ஆட்டம்

திருவல்லிக்கேணி
ஞாயிறு மத்தியானம்

பாப்பா,

இந்தக் கடிதம் பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். எதிர் வீட்டுப் பையன் புதன்கிழமை லீட்ஸுக்குக் கிளம்புகிறான். அவன் பெட்டியில் நமக்கு இரண்டு கிலோ இடம் கேட்டு வாங்கிவிட்டேன். ஃபோனில் சொல்வதை ஏன் உட்கார்ந்து எழுதுகிறாய் என்கிறார் அப்பா. ஃபோனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

போன வாரம் நீ சொன்னாயே, ஹெடிங்லி மைதானத்தில் 'தி ஹண்ட்ரட்' என்கிற நூறு பந்து கிரிக்கெட்டில் சன்ரைசர்ஸ் லீட்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம், டியூட்டி முடித்து ஆறரைக்குப் போனால் போதும் என்று. ஒரே டிக்கெட்டில் இரண்டு ஆட்டமாச்சே, மூன்று மணிக்கே போகலாமே என்றேன். "அது லேடீஸ் மேட்ச்தானேம்மா" என்றாய்.

நாலு நாளாக அந்தத் "தானே" காதை விட்டுப் போகவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. அது உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இதைக் கேள். நம் வீட்டு மாடியில் நின்றால் சேப்பாக்கம் விளக்குக் கம்பம் தெரிகிறது. ஐ.பி.எல். நாட்களில் தெருவே மஞ்சளாகிவிடும், பால்காரர்கூட மஞ்சள் பனியன்தான். ஆனால் 2023-ல் பெண்கள் பிரீமியர் லீக் ஆரம்பித்தபோது மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உ.பி. என்று ஐந்து அணிகள் வந்தன. சென்னைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. மதுரைப் பெண் கமலினியைப் பதினாறு வயதில் 1.6 கோடி கொடுத்து எடுத்தது மும்பை. நம் ஊர்க் குழந்தை அடிக்கிற ரன்னுக்கு நான் மும்பைக்குக் கைதட்ட வேண்டியிருக்கிறது.

சன் குழுமம் நம் ஊர்க் கம்பெனி. ஹைதராபாத்தில் அவர்களுக்கு இருப்பது ஆண்கள் அணி, தென்னாப்பிரிக்காவில் இருப்பதும் ஆண்கள் அணி. அவர்கள் கைக்கு வந்த முதல் பெண்கள் அணி எங்கே இருக்கிறது பார், நீ பஸ்ஸில் போய் இறங்குகிற ஹெடிங்லியில். சுமார் பத்து கோடி பவுண்டு கொடுத்து, யார்க்ஷயர் கிளப்பின் பங்கையும் சேர்த்து முழுசாக வாங்கிவிட்டார்கள். அப்பாவுக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். யார்க்ஷயரில் பிறந்தவன்தான் யார்க்ஷயருக்கு ஆடலாம் என்று விடாப்பிடியாக இருந்த ஊராம் அது. 1992-ல்தான் முதல் வெளிநாட்டு ஆட்டக்காரர் அவர்களுக்கு ஆடினார், அது பத்தொன்பது வயது சச்சின். "இப்போ டீமே நம்மூர்க்காரன் கையில!" என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியாகிவிட்டது. ஏதோ அவரே பணம் போட்ட மாதிரி.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. சன் குழுமம் வாங்குவதற்கு முன் இந்த லீட்ஸ் அணிக்கு நார்தர்ன் சூப்பர்சார்ஜர்ஸ் என்று பேர். அந்தப் பேர் இருந்தவரை அங்கே ஆண்கள் அணி ஒரு கோப்பையும் எடுத்ததில்லை. எடுத்தது பெண்கள்தான், 2025-ல், லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில். அதற்கு முந்தின நாள், தோற்றால் வெளியே என்கிற எலிமினேட்டர் ஆட்டத்தில் டேவினா பெரின் என்ற பதினெட்டு வயதுப் பெண் 42 பந்தில் நூறு அடித்தாள். பதினெட்டு வயசு! உனக்கு அந்த வயதில் நான் நீட் கோச்சிங்குக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன்.

ஹெடிங்லியில் அந்தப் பெண்கள் அணியின் முதல் ஆட்டமே 2021 ஜூலையில் நம் ஜெமிமா ரோட்ரிக்ஸ் காப்பாற்றியதுதான். எதிர் அணி வெல்ஷ் ஃபயர் அடித்தது 130. இவர்கள் 19 ரன்னுக்கு நாலு விக்கெட். அதற்குப் பிறகு ஜெமிமா 43 பந்தில் 92, அவுட்டே ஆகவில்லை. லாக்டவுன் காலம் அது, சமையல் மேடையில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே ரசத்தைப் பொங்கவிட்டேன். நீ கத்தினாய், ஞாபகம் இருக்கா?

அந்த நூறு பந்து ஆட்டம் உனக்குப் புரியவில்லை என்றாயே, பெரிசாக ஒன்றும் இல்லை. ஓவரே கிடையாது, ஐந்து ஐந்தாக எண்ணுவார்கள். ஐந்து முடிந்தால் அம்பயர் வெள்ளை அட்டையைத் தூக்கிக் காட்டுவார். பத்துக்கு ஒருமுறை முனை மாறும். ஒருத்தியே பத்துப் பந்தைத் தொடர்ந்து போடலாம். முதல் 25 பந்து பவர்பிளே. நோ-பாலுக்கு இரண்டு ரன். "ஆறு பந்து இல்லாத ஆட்டம் ஒரு ஆட்டமா" என்பது அப்பாவின் தீர்ப்பு. டி20 வந்தபோதும் இதையேதான் சொன்னார்.

அங்கே எல்லாம் சமம் என்று நான் நம்பிவிடவில்லை. பரிசுத் தொகை முதல் வருடத்திலிருந்தே இரண்டு பேருக்கும் ஒன்றுதான், சரி. சம்பளம்? 2025-ல் ஆண்களில் உச்சச் சம்பளம் இரண்டு லட்சம் பவுண்டு, பெண்களில் 65 ஆயிரம். ஆனாலும் அதே மைதானம், அதே சட்டை, அதே டிக்கெட். இதுவே நான் கனவில்கூடக் கேட்டதில்லை.

நான் காலேஜில் ஆடினேன் என்று உனக்குத் தெரியும், எப்படி ஆடினேன் என்று சொன்னதில்லை. பதினொரு பேருக்கு இரண்டு ஜோடி கால் பேடு. ஆண்கள் டீம் கழித்துப் போட்டது. என் காலுக்கு அது தொடை வரை வரும், ஓடினால் வாரை மிதித்து விழுவேன். அவுட் ஆனவள் பெவிலியனுக்கு வருகிற வழியிலேயே கழற்றிக் கொடுக்க வேண்டும். ஈரமாக இருக்கும், அடுத்தவள் அப்படியே கட்டிக்கொள்வாள். அந்தக் காலத்தில் பெண்கள் கிரிக்கெட்டுக்குத் தனிச் சங்கம், காசே இல்லாத சங்கம். 2006-ல்தான் பி.சி.சி.ஐ. சேர்த்துக்கொண்டது. அதற்குள் நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாய்.

2024 ஜூன் 28, சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட். அப்பா வரவில்லை, நான் மட்டும் குடையும் மோர் பாட்டிலுமாகப் போனேன். ஷஃபாலியும் ஸ்மிருதியும் முதல் விக்கெட்டுக்கு 292. சாயங்காலம் ஸ்கோர்போர்டில் நாலுக்கு 525. ஆணோ பெண்ணோ, டெஸ்டில் ஒரே நாளில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. என் முன் வரிசையில் இரண்டு குட்டிப் பெண்கள், ஸ்கூல் டிராக் பேண்டோடு. ஷஃபாலி இறங்கி வந்து தூக்கினால் இவர்களும் உட்கார்ந்த இடத்திலேயே கையைச் சுழற்றுகிறார்கள். நடுவில் ஒருத்திக்கு அவள் அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. "டியூஷன் இருக்கே, எப்போ வர்றே" என்று எனக்கே கேட்டது. அதற்கப்புறம் இரண்டு ஓவர் என் கண்ணில் எதுவும் பதியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் மாவட்ட செலக்‌ஷனுக்கு உன் பேர் வந்தது. சனிக்கிழமை காலை, கணக்கு டியூஷன் நேரம். பி.டி. டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். காபி கொடுத்து அனுப்பிவிட்டு, "பொம்பளைப் பசங்க கிரிக்கெட்தானே, அதுல என்ன இருக்கு" என்றேன் உன்னிடம். அந்தத் தொளதொளத்த பேடைக் கட்டி ஆடிய நான்தான் சொன்னேன். நீ அழவில்லை. மட்டையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய், நான் பரணில் போட்டேன். நீ நர்ஸாக நன்றாக இருக்கிறாய், அதில் எனக்குக் குறை இல்லை. அந்தச் சனிக்கிழமைதான் இன்னும் உறுத்துகிறது.

நேற்று ஸ்டூல் போட்டு அதை இறக்கினேன். கைப்பிடி ரப்பர் உருகிப் பிசுபிசு என்று ஒட்டுகிறது, விளிம்பில் நீ சுற்றிய நீல டேப் அப்படியே இருக்கிறது. எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. ரப்பரை மாற்றக் கொடுத்திருக்கிறேன்.

டியூட்டியை மாற்றிக்கொள்ள முடிந்தால் மாற்றிக்கொள். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போ, ஆகஸ்ட் என்றாலும் உங்கள் ஊரை நம்ப முடியாது. அங்கே மூன்று மணி என்றால் இங்கே ஏழரை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன், வீடியோ கால் போடு. ஆட்டத்தை நான் டி.வி.யில் பார்த்துக்கொள்வேன். நீ ஃபோனைப் பின்பக்கம் திருப்பி, எத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மட்டும் காட்டு.

அம்மா