விழுகிற பல்தானே என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில், "பால் பற்கள் எப்படியும் விழப்போகிறவை, சொத்தை கண்டால் பெற்றோர் பதற வேண்டியதில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. உங்களுக்குத் தெரியாததில்லை, எங்கள் பக்கம் தறிக்கூடத்திலும் டீக்கடையிலும் "பேப்பர்லயே போட்டிருக்குதுங்க" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அப்புறம் டாக்டர் பேச்சுகூட எடுபடாது.

என் மகனுக்கு 7 வயதில் கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. ராத்திரியெல்லாம் அழுவான். கிராம்பு வைத்தோம், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைத்தோம். "பால் பல்லுதான, புடுங்கிப் போட்டா வேற முளைக்குது" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நம்பினேன். பக்கத்து ஊரில் ஒருவரிடம் கூட்டிப்போனோம், அவரும் ஒன்றும் சொல்லாமல் பிடுங்கிக் கொடுத்துவிட்டார். வருடம் இரண்டாகியும் முளைக்கவில்லை. ஏனென்றால் அது பால் பல்லே இல்லை. 6 வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் தானாக முளைக்கிற நிரந்தரப் பல். விழுந்து முளைக்காததால்தான் பெற்றவர்கள் ஏமாந்துபோகிறோம். இன்று அவனுக்கு 31 வயது. பின்னால் வந்த பல் அந்த இடத்தில் சாய்ந்து நிற்கிறது. நிலக்கடலையை ஒரு பக்கமாகத்தான் மெல்கிறான்.

சரி, நாங்கள் எழுதியது பால் பல்லைப் பற்றித்தானே என்பீர்கள். மொத்தம் 20 பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியவை. 5 வயதில் சொத்தையானால் மீதி வருடங்களுக்குப் பிள்ளை எதைக் கொண்டு மெல்லும்? அடியில் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அதுதான். முன்கூட்டியே போய்விட்டால் பக்கத்துப் பல் நகர்ந்து வந்து வழியை அடைத்துக்கொள்ளும். பால் பல்லையும் அடைக்கலாம், வேர் சிகிச்சை செய்து மூடி போடலாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் இடம் பிடித்து வைக்க ஒரு கம்பி பொருத்தலாம். பேத்திக்குச் செய்தபோதுதான் இதெல்லாம் எனக்கே தெரியும்.

பிள்ளைக்கு 'விழப்போகிற பல்' என்கிறோம், வயதானவர்களுக்கு 'இந்த வயசுல எதுக்கு' என்கிறோம். என் மாமியாருக்கு 62 வயதில், ஆடாத பல்லையும் சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். பல் செட் நான்கே வருடத்தில் தளர்ந்துவிட்டது. பல் போன இடத்தில் தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். கச்சாயமும் முறுக்கும் விரும்பித் தின்றவர், கடைசி வரை குழைந்த சோற்றோடு போய்ச் சேர்ந்தார்.

போன வருடம் இதே பக்கத்தில் மஞ்சள் பல்லுக்குச் சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்க்கச் சொன்னீர்கள். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். என் தங்கையைத் தர்மபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்கிற உப்பு அதிகம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல் ஈறுக்குள் உருவாகும்போதே பிடிக்கிற கறை அது, தேய்த்தால் பல்தான் தேயும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல்தான் வந்தது. அதற்கு முன்னால் பிறந்த அவள் பெண்கள் இரண்டு பேரும் இன்றைக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறார்கள். நீங்கள் சொன்ன சாம்பலை அவர்கள் தேய்க்காமலா இருந்திருப்பார்கள்?

கொங்கு நாட்டில் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் எத்தனையோ வந்துவிட்டன, அரசுக் கல்லூரி ஒன்றுகூட இல்லை. சென்னைக்கும் சிதம்பரத்துக்கும் புதுக்கோட்டைக்கும் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை என்று உங்கள் பத்திரிகை ஒரு நாளாவது கேட்டிருக்கிறதா?

அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். 6 வயதில் முளைக்கும் பல் நிரந்தரப் பல் என்பதையும், முதல் பிறந்தநாளுக்குள் பிள்ளையின் வாயைப் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் எந்த அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை பல் டாக்டர் இருப்பார் என்று விசாரித்துப் போட்டால் இன்னும் நல்லது. வெட்டியெடுத்து எங்கள் ஊர் அங்கன்வாடியில் ஒட்டுவதற்கு டீச்சரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பக்கத்தின் மடிப்பில் விழாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோபிசெட்டிப்பாளையம்