கையில ஒரு பேப்பர் குடுத்தா போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல ஒரு வாசகர் எழுதியிருந்தாரு, சின்னச் சின்ன குத்தத்துக்கு ஆளைப் புடிச்சு உள்ள வைக்காம கோர்ட்டு நோட்டீஸ் மட்டும் குடுத்து அனுப்பினா யாருக்கும் பயம் இருக்காது, போலீஸை எவனும் மதிக்க மாட்டான்னு. அவங்க தெருவுல ராத்திரி ராத்திரி குடிச்சிட்டு கத்தறாங்களாம், தூக்கமே இல்லையாம். அந்த எரிச்சல் எனக்கும் தெரியும், எங்க தெருவும் அப்படித்தான். ஆனாலும் அவர் சொல்றதை என்னால ஒத்துக்க முடியலை, ஏன்னா எங்க வீட்டுல நடந்தது வேற.

என் தங்கச்சி பையனுக்கு அப்ப 23 வயசு. தென்னாப்பிரிக்காவுல எங்க பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல வருஷா வருஷம் குட் ஃப்ரைடே அன்னிக்கு மாரியம்மனுக்கு தீமிதி நடக்கும்னு நம்ம வாசகர்களுக்குத் தெரியும். அவங்கம்மா ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுக்கு வேண்டிக்கிட்டு காப்பு கட்டி விரதம் இருந்தான். அதுக்கு முந்தின நாள் வியாழக்கிழமை சாயங்காலம் பக்கியை, அதான் பின்னால சாமான் ஏத்தற சின்ன வண்டியை, ரோட்டோரம் நிறுத்தி சாமந்திப்பூ, தேங்காய், எலுமிச்சம்பழம் வித்துக்கிட்டு இருந்திருக்கான், பெர்மிட் இல்லை. அது தப்புதான், நான் மறுக்கலை. போலீஸ் வந்து எடுக்கச் சொன்னப்ப இவன் "சார், இன்னும் ரெண்டே பெட்டிதான் இருக்கு, வித்துட்டு போயிடறேன்"னு சொல்லியிருக்கான், பேச்சு வளர்ந்து வேன்ல ஏத்திட்டாங்க. பூவெல்லாம் பக்கியிலேயே வாடிப் போச்சு.

இப்ப கணக்குப் பாருங்க. புடிச்ச ஆளை 48 மணி நேரத்துக்குள்ள கோர்ட்டுக்கு கொண்டு போகணும், நம்ம அரசியல் சட்டத்துலயே 35-ஆவது பிரிவுல இருக்கு. ஆனா அந்த 48 மணி நேரம் கோர்ட்டு இல்லாத நேரத்துல முடிஞ்சா அடுத்த கோர்ட்டு நாள் வரைக்கும் நீளும். வியாழக்கிழமை சாயங்காலம் புடிச்சா சனிக்கிழமை சாயங்காலம் முடியுது, அன்னிக்கு கோர்ட்டு இல்லை, ஞாயிறு இல்லை, திங்கள் ஈஸ்டருக்கு மறுநாள் ஃபேமிலி டே லீவு, ஆக செவ்வாய்க்கிழமை 4 மணி வரைக்கும் உள்ள வைக்கலாம். அஞ்சு ராத்திரி. ரெண்டு பெட்டி பூவுக்கு.

ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு போன் பண்ணினான். "பெரியம்மா, 500 ராண்ட் கட்டி கையெழுத்துப் போட்டா இப்பவே விட்டுடுவாங்களாம், இல்லாட்டி செவ்வாய்க்கிழமைதானாம், நாளைக்கு நான் தீ மிதிக்கணும் பெரியம்மா"ன்னு அழுதான். நான் என்ன பண்ணுவேன், காசை எடுத்துக்கிட்டு ஓடினேன். கைரேகை எடுத்தாங்க, பேப்பரை நீட்டினாங்க, இவன் படிக்கக்கூட இல்லை, நானும் படிக்கலை. மறுநாள் தீ மிதிச்சான், குடும்பமே கும்பிட்டு அழுதோம், அத்தோட முடிஞ்சதுன்னு நினைச்சோம்.

முடியலை. மூணு வருஷம் கழிச்சு ஸ்கூல் பிள்ளைங்களை ஏத்திட்டுப் போற வேன்ல டிரைவர் வேலை கிடைச்சுது, போலீஸ் கிளியரன்ஸ் கேட்டாங்க, எடுத்துப் பார்த்தா அவன் பேர்ல கிரிமினல் ரெக்கார்டு. வேலை போச்சு. அன்னிக்கு கட்டினது சும்மா ஃபைன் இல்லை, நான் குத்தவாளின்னு தானே ஒத்துக்கற ஃபைன். கோர்ட்டு படியையே மிதிக்காட்டியும் அப்ப இருந்த கிரிமினல் புரொசீஜர் சட்டம் 57-ஆவது பிரிவுப்படி அது தண்டனை ஆன மாதிரிதான். அழிக்கணும்னா 10 வருஷம் காத்திருந்து மனு போடணும், அதுக்கு முன்னாடின்னா ஹைகோர்ட்டுக்குப் போகணும், அதுக்கு நம்மகிட்ட ஏது காசு?

அப்புறம்தான் ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் அந்தப் பழைய பேப்பரைப் பார்த்துட்டு சொன்னதைக் கேட்டு எனக்கு ரத்தம் கொதிச்சுது. அதே சட்டத்துல 56-ஆவது பிரிவு இருக்கு, 1977-ல இருந்தே இருக்கு. சின்ன ஃபைனோட முடியற குத்தம்னா போலீஸ்காரர் அந்த இடத்துலயே ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுக்கலாம், பேர், அட்ரஸ், எந்த கோர்ட்டு, என்னிக்கு வரணும்னு. ஆளை ஏற்கனவே ஸ்டேஷன்ல வச்சிருந்தாலும் குடுக்கலாம், குடுத்த உடனே அவனை விட்டுடணும். காசு கட்டினாத்தான் விடுவேன்னு அதுல எங்கயும் இல்லைங்க. கட்டறதும் கட்டாததும் அவன் இஷ்டம், கோர்ட்டு தேதி வரைக்கும் யோசிக்கலாம், லீகல் எய்டுல, அதான் இலவச சட்ட உதவியில, கேக்கலாம். அது மட்டுமில்லை, இந்த நோட்டீஸோட அர்த்தத்தை ஆளுக்கு விளக்கிச் சொல்லிட்டேன்னு போலீஸ்காரர் கையெழுத்துப் போடணும். எங்க பேப்பர்லயும் அந்தக் கையெழுத்து இருக்கு. யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை விளக்கலை, நான் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தேன்.

இதைத்தான் அந்த வாசகர் யோசிக்கணும்னு கேட்டுக்கறேன். ரோட்டோரம் பேப்பரை வாங்கினவன் நிதானமா யோசிப்பான். கம்பிக்குப் பின்னால நிக்கறவன் எதுலயும் கையெழுத்துப் போடுவான், தப்பே பண்ணாதவன்கூட போடுவான். அரெஸ்ட் பண்றதே அவன் வாயில இருந்து "ஒத்துக்கறேன்"னு வாங்கற வேலையா ஆயிடுது, மேஜிஸ்ட்ரேட் கேக்கவே வேண்டியதில்லை.

நோட்டீஸ் குடுத்தா வரவே மாட்டான்னு சொல்வாங்க. வரலைன்னா வாரண்ட் போடலாம், அதுக்கே தனியா மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. பொய் அட்ரஸ் குடுப்பான்னு சொல்வாங்க. சந்தேகம்னா அட்ரஸை சரிபார்க்க 12 மணி நேரம் வரைக்கும் நிறுத்தி வைக்க சட்டம் இடம் குடுக்குது. அதுக்கு மேல என்ன வேணும்? டர்பன் மாதிரி ஊர்ல மெட்ரோ போலீஸ், அதான் நகராட்சியோட போலீஸ், ஒருத்தனைப் புடிச்சா அவனை தேசிய போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைச்சாகணும், அந்த நேரம் முழுக்க அந்த வேன் ரோட்டுல இருக்காது. நம்ம பக்கம் வீடு புகுந்து துப்பாக்கி காட்டற காலம், போன் பண்ணினா வேன் இல்லைன்னு பதில் வருது, அந்த வேன் பூக்காரனை ஏத்திக்கிட்டு போயிருக்கு. சட்டவிரோத கைதுக்கு நஷ்ட ஈடுன்னு போலீஸ் துறை வருஷா வருஷம் கோடிக்கணக்கான ராண்ட் கொட்டுது, அது நம்ம வரிப்பணம்.

ரோட்டுல குடிச்சிட்டு அடிதடி பண்றவனை, கத்தி வச்சிருக்கறவனை நோட்டீஸ் குடுத்து அனுப்புன்னு நான் சொல்லலை, அவனைப் புடிச்சே ஆகணும்.

இப்ப பிரச்சினை எங்கன்னா, சட்டத்துல நோட்டீஸ் "குடுக்கலாம்"னுதான் இருக்கு, "குடுக்கணும்"னு இல்லை. ஆபீசர் மூடைப் பொறுத்து நம்ம பிள்ளைங்க தலையெழுத்து. ஆனா 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு 2010 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்த சைல்ட் ஜஸ்டிஸ் சட்டத்துல சின்ன குத்தத்துக்கு கட்டாயக் காரணம் இல்லாம அரெஸ்ட் பண்ணவே கூடாதுன்னு எழுதியிருக்காங்க. 17 வயசு பையனுக்கு அந்த சட்டம் சரின்னா 23 வயசு பையனுக்கு ஏன் சரியா வராது? அதே வார்த்தையை பெரியவங்களுக்கும் போடுங்கன்னுதான் நம்ம எம்.பி.க்களை கேக்கணும்.

தில்லையாடி வள்ளியம்மையை 1913-ல இதே மாரிட்ஸ்பர்க் ஜெயில்லதான் வச்சாங்க, பெர்மிட் இல்லாம எல்லை தாண்டினதுதான் குத்தம். உடம்பு கெட்டுப்போய் வெளிய வந்து 1914 பிப்ரவரி 22-ல போய்ச் சேர்ந்துச்சு, 16 வயசு. ஒரு பேப்பர் இல்லைங்கறதுக்காக ஆளை உள்ள போடறது என்னன்னு நம்ம ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆசிரியர்கிட்ட ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் தீமிதி எப்ப நடக்கும்னு நேரமெல்லாம் அச்சடிக்கற உங்க இதழ்ல அதுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன பெட்டி போடுங்க: ஸ்டேஷன்ல "கட்டிட்டு போ"ன்னு சொன்னா, "56-ஆவது பிரிவு நோட்டீஸ் குடுங்க சார், நான் கோர்ட்டுக்கு வரேன்"னு கேளுங்க, படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு. லாங் வீக்எண்டுக்கு முன்னாடி வர்ற இதழ்ல போடுங்க, அதுக்கப்புறம் போட்டா பிரயோஜனம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்